கேமரா கேள்வி – பதில்: மைதானத்திலிருந்து வந்த கடிதங்கள்

விளையாட்டு விழா சீசன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைதானத்திலிருந்துதான். கல்யாண ஆல்பக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், மாப்பிள்ளைகள் பொறுத்தருள்க. சிலர் பெயர் போட வேண்டாம் என்றதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. கூடவே வந்த 18-55, 55-250 லென்ஸ்களும் உண்டு. கல்லூரி கிரிக்கெட் மேட்சில் பவுண்டரிக்கு வெளியே நின்று எடுத்தால் பேட்ஸ்மேன் எறும்பு மாதிரித் தெரிகிறார். 150-600 லென்ஸ் வாங்கலாமா? அப்பாவிடம் கேட்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன். – கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ப: அப்பாவுக்கு முன் இங்கே வந்தது அவர் செய்த புண்ணியம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள், தம்பி.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். இதை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, ஆள் நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் இடம் ஃபிரேமுக்குள் விழும் என்று கிடைத்துவிடும். 250-ல் வைத்து 60 மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால் அகலம் ஐந்தேகால் மீட்டர் சொச்சம், உயரம் மூன்றரை மீட்டர் சொச்சம். மட்டையை ஊன்றிக் குனிந்து நிற்பவர் ஒன்றரை மீட்டர் என்று வைத்தாலும் ஃபிரேம் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வந்துவிடுகிறார். இது எறும்பா? மிச்சத்தை வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கேமரா தருவது 6000-க்கு 4000 பிக்சல். நீளத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினாலும் 3000-க்கு 2000 மிஞ்சும். இந்தப் பத்திரிகையில் பத்து அங்குல அகலத்துக்கு அச்சடிக்க அது தாராளம்.

அப்படியும் சின்னதாகத் தெரிகிறதென்றால் உட்காரும் இடத்தில்தான் கோளாறு. சைட் ஸ்கிரீன் ஓரத்தில் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நின்றால் எதிர்முனை பேட்ஸ்மேனுக்குப் பிட்ச்சில் பாதி, அதாவது 10 மீட்டர், கூடுதல் தூரம். போதாக்குறைக்கு நீங்கள் அசைந்தால் அம்பயர் விரட்டுவார்.

வலது கை பேட்ஸ்மேனின் மார்பும் முகமும் ஆஃப் சைடைப் பார்த்தபடிதான் இருக்கும். எக்ஸ்ட்ரா கவர் பக்கமாக, பவுண்டரிக்கு வெளியே தரையில் உட்காருங்கள். டிரைவ், கட் எல்லாம் முகத்தோடு கிடைக்கும். ஓவர் முடிந்து முனை மாறியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்த அதே இடம் அடுத்த ஓவரில் ஃபைன் லெக் பக்கமாகிவிடும். அங்கிருந்து பேட்ஸ்மேனின் முதுகுதான் தெரியும். ஆனால் ஓடிவரும் பவுலரின் முகம் நேராக உங்களைப் பார்த்து வரும். ஒரு ஓவர் பேட்டிங், ஒரு ஓவர் பவுலிங் என்று உட்கார்ந்த இடத்திலேயே இரண்டும் ஆகிவிடுகிறது.

இன்னொன்று. உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். கல்லூரி வேகப்பந்து மணிக்கு 110 கி.மீ. என்றால் நொடிக்கு 30 மீட்டர். இரண்டு படத்துக்கு நடுவில் பந்து 10 மீட்டர் போய்விடுகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பந்து மட்டையில் படும் கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்து தொலையும். ஆகவே தொடர் ஓட்டத்தை நம்பாதீர்கள். மட்டை கீழே இறங்க ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு அழுத்து. விரல் அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே போகிற கணத்தில் பந்து வந்து சேர்ந்துவிடும். ஃபிலிம் ரோலில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான் எடுத்தோம். ஃபோகஸை ஏஐ சர்வோவில் (நகர்கிறவரை விடாமல் பின்தொடரும் முறை) போட்டு, ஒன்பது புள்ளியில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம்.

கே: எங்கள் ஊர்த் திருவிழாவில் ராத்திரி கபடி. நான்கு கம்பத்தில் ஃபோகஸ் லைட். என் படங்களில் ஆட்கள் ஆவி மாதிரி இழுபடுகிறார்கள். ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு எண்ணை) கூட்டினால் மணலை அள்ளிப் போட்டதுபோலப் புள்ளி. ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் பச்சை. கேமரா பழுதா? – உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது சார். நிறம் மாறுகிறதே, அதற்குக் காரணம் கம்பத்தில் இருக்கும் விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை மங்கி எழும். ஆக நொடிக்கு 100 முறை. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/100 நொடியில் எடுத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் அடங்கிவிடுகிறது. படத்துக்குப் படம் வித்தியாசம் வராது. 1/500-ல் எடுத்தால் அதில் ஐந்தில் ஒரு துண்டுதான் சிக்கும். ஒரு படம் உச்சியில், அடுத்தது பள்ளத்தில். மெட்டல் ஹாலைடு விளக்காக இருந்தால் வெளிச்சத்தோடு நிறமும் சேர்ந்து மாறும். மலிவு எல்இடியிலும் இதே தொல்லை உண்டு. உங்கள் கேமரா மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்று ஒன்று இருந்தால் போட்டுவிடுங்கள். விளக்கு உச்சிக்கு வரும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். இல்லையென்றால் மூன்று நான்காகச் சேர்த்து எடுத்து, நன்றாக விழுந்ததை வைத்துக்கொள்ளலாம். எலெக்ட்ரானிக் ஷட்டர் பக்கம் போக வேண்டாம். படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

இழுபடுவதற்குக் காரணம் லென்ஸ். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பெரும்பாலான கம்பெனிகளில் உண்டு. இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. ஜூமை விட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது 5.6-ல் 1/50 கிடைக்கிற இடத்தில் இதில் 1/500 கிடைக்கும். கபடிக்கு 1/500 போதும். 1/640 கிடைத்தால் சந்தோஷம். இந்தப் பக்கத்தில் நான் யாரையும் எதையும் வாங்கச் சொல்வது அபூர்வம். இதை வாங்குங்கள்.

ஜூம் இல்லாமல் எப்படி என்று யோசிப்பீர்கள். ஆண்கள் கபடித் தளமே 13-க்கு 10 மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு ஆறரை மீட்டர். மேலே திண்டுக்கல் தம்பிக்குச் சொன்ன கணக்கைப் போடுங்கள். 50 மி.மீ.யில் 7 மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டர் அகலம் கிடைக்கிறது. பாடி வருபவரும், அவர் காலுக்குப் பாய்கிறவரும், பின்னால் கை கோத்து நிற்கும் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள்.

புள்ளியைப் பற்றி ஒன்று. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 1600-ல் இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினால்தான் புள்ளி பொங்கும். 6400-ல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம் அதைவிடச் சுத்தமாக இருக்கும். புள்ளி இருக்கிற கூர்மையான படத்தை எந்தப் பத்திரிகையும் போடும். இழுபட்ட படத்தை எந்த மென்பொருளும் நிமிர்த்தித் தராது.

எங்கே உட்காருவது? கடைசிக் கோட்டின் மூலையில் உட்கார்ந்தால், பாடி வருபவர் நம் முகத்தைப் பார்த்து வருவார். போனஸ் கோட்டுக்கு ஒரு காலை நீட்டி, மறு காலைத் தூக்கி நிற்கிற அந்தக் கணம் இங்கிருந்துதான் அழகு. பிடித்துவிட்டார்கள் என்றால் கதை தலைகீழ். அவர் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பிப் பாய்வார். மூலையில் இருக்கும் நமக்குக் கிடைப்பது உள்ளங்கால். அந்த நீட்டின விரலும், பல்லைக் கடிக்கிற முகமும் வேண்டுமென்றால் பக்கக் கோட்டில், நடுக்கோட்டுக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு ஆட்டத்தில் இரண்டையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். முதல் பாதி மூலை, இரண்டாம் பாதி நடு. தரையோடு தரையாக உட்காருங்கள். எனக்கு இந்த வயதில் முட்டி ஒத்துழைப்பதில்லை என்பதால் ஒரு முக்காலி கொண்டுபோகிறேன். அதுவும் முழங்கால் உயரம்தான். கோட்டிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருங்கள். ஏழெட்டுப் பேர் மொத்தமாகச் சரிந்து வெளியே வந்தால் முதலில் இடிபடுவது லென்ஸ், அடுத்தது உங்கள் மூக்கு.

கே: ஸ்போர்ட்ஸ் எடுக்க எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? – வாசகர், ஆரணி

ப: இப்போது உங்களிடம் இருப்பது போதும்.

கே: மகள் ஏழாவது படிக்கிறாள். 100 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் பெற்றோர் பந்தலில் இருந்து எடுத்தேன். மகளைவிட முன்வரிசையில் இருந்தவரின் குடைதான் நன்றாக விழுந்திருக்கிறது. ஒரு தடவைதான் ஓடுவாள், மறுபடி ஓடச் சொல்ல முடியாது. பழைய நிக்கான், 55-200 லென்ஸ். – இல்லத்தரசி, திருநெல்வேலி

ப: பந்தலை விட்டு எழுந்து வாருங்கள் அம்மா, பாதி வேலை முடிந்துவிடும். பி.டி. மாஸ்டரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி, முடிவுக்கோட்டுக்கு நேர் பின்னால், 15, 20 மீட்டர் தள்ளி உட்கார அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முடிவுக்கோடு தாண்டியும் நாலு எட்டு ஓடித்தான் நிற்பார்கள். அதனால் ஓடுபாதையிலேயே உட்காராமல், ஓரப் பாதைக்கு வெளியே ஒதுங்கி இருங்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தடகளம் நடந்தால் பத்திரிகைக்காரர்கள் கூடுவதும் இந்த மூலையில்தான்.

அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் உங்களை நோக்கி ஓடிவருவார்கள். பக்கவாட்டில் ஓடுகிறவரைத் துரத்திப் பிடிப்பதைவிட நேரே வருகிறவரை ஃபிரேமுக்குள் வைத்திருப்பது நமக்குச் சுலபம். தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபோகஸுக்குத்தான் வேலை அதிகம். ஆகவே ஃபோகஸை, விடாமல் பின்தொடரும் ஏஎஃப்-சியில் வையுங்கள். நடுப்புள்ளியை மகளின் மார்பில் குத்தியிருக்கும் எண் துணியின் மேல் வைத்து, துப்பாக்கிச் சத்தம் கேட்டதிலிருந்து ஷட்டரைப் பாதி அழுத்தியபடி கூடவே வாருங்கள். முழுதாக அழுத்துவது கடைசி 20 மீட்டருக்குத்தான். முதல் அடியிலிருந்தே அழுத்தினால், அவள் முடிவுக்கோட்டைத் தொடும்போது கேமரா திணறி நின்றுபோயிருக்கும். படங்களை கார்டில் எழுதி முடிக்க அதற்கு நேரம் வேண்டும். பெரிய ரா ஃபைல் வேண்டாம், சின்ன ஜேபெக் ஃபைல் போதும். வேகம் 1/1000. கடைசி 20 மீட்டரில்தான் பிள்ளைகளின் முகத்தில் விஷயமே இருக்கும். அதுவரை பக்கத்து லேனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள்.

வெள்ளைச் சீருடை என்றால் ஒரு எச்சரிக்கை. ஃபிரேம் நிறைய வெள்ளையைக் கண்டால் கேமரா மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) பிளஸ் 0.7-ல் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருந்தால் பிளஸ் 1. மகளுக்கு முன்னால் இரண்டு மூன்று ஓட்டங்கள் நடக்குமே, அவற்றை ஒத்திகையாக எடுத்துப் பாருங்கள். பின்னால் சாமியானாவும் விளம்பரப் பேனரும் எங்கே வருகிறது, எந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தால் மரம் பின்னணியாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் கேமராவை இறக்காதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த பத்து நொடியில் அம்மாவைத் தேடுவாள்.

கே: சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஹாக்கி எடுத்தேன். ஒரு படத்தில் ஆட்டக்காரர்களின் தாடை நீலமாக இருக்கிறது, அடுத்ததில் முகமே ஆரஞ்சு. பந்து எதிலும் இல்லை. – ஹாக்கி ரசிகர், கோவில்பட்டி

ப: கோவில்பட்டிக்காரருக்கு ஹாக்கியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, கேமராவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் நீலத் தளமும் மஞ்சள் பந்தும் வந்ததிலிருந்து நம் தொழிலுக்கு இந்தத் தலைவலி. டிவியில் பந்து பளிச்சென்று தெரிகிறது, உண்மைதான். ஆனால் வெயில் பட்ட நீலத் தளம் குனிந்து ஆடுகிறவர்களின் தாடையிலும் கைக்கு அடியிலும் நீலத்தைத் திருப்பி அடிக்கும். அது நிஜமாகவே அங்கே இருக்கிற நிறம். கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆரஞ்சு முகம்தான் கேமராவின் கைவரிசை. ஃபிரேம் முழுக்க நீலத்தைக் கண்டதும் நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. ஆட்டோவை விட்டுவிட்டு மெனுவில் சூரியன் படம் போட்ட குறியில் நிறுத்துங்கள், எல்லாப் படமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

பந்துக்கு வருவோம். ஹாக்கியில் இடது கை மட்டையே கிடையாது. எல்லோரும் பந்தைத் தங்கள் வலது பக்கம் வைத்துத்தான் ஓட்டுவார்கள். எனவே தாக்கிவரும் அணியின் வலது பக்கம், கோல் கோட்டின் நீட்சியில், மூலைக் கொடிக்கு அருகே உட்கார்ந்தால் பந்தை உடம்பு மறைக்காது. பெனால்டி கார்னரைப் பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்துதான் தள்ளிவிடுவார்கள் என்பதால் பாய்ந்து வரும் தடுப்பாளர்களும் ஃப்ளிக் அடிப்பவரும் ஒரே ஃபிரேமில் விழ வாய்ப்பு அதிகம். கோல் வலைக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்ளிக் தப்பினால் தலைக்கு ஆபத்து.

ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் தளத்தை நீர் தெளித்து நனைப்பார்கள். நனைத்த பிறகு வரும் முதல் பத்து நிமிடம், அதுவும் சாயங்கால வெயில் எதிரே இருந்தால், பந்து உருளும் தடத்தில் நீர் வாலாக எழும்பும். 1/2000 வையுங்கள். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். ஹாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் அது.

கே: பேட்மின்டன் ஹாலில் எடுக்கும்போதெல்லாம் ஃபோகஸ் வலைக்குத் தாவிவிடுகிறது. ஃப்ளாஷ் போடலாமா? ஷட்டில்காக்கை உறைய வைக்க என்ன வேகம்? – வாசகர், கோலாலம்பூர்

ப: ஃப்ளாஷ் கூடாது. கண்ணில் அடித்தால் ஆட்டக்காரருக்குப் பாயின்ட் போகும், உங்களுக்கு அனுமதி போகும்.

ஷட்டில்காக்கை உறைய வைக்கும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் சாத்விக்சாய்ராஜ் 2023-ல் யோனெக்ஸ் தொழிற்சாலையின் விளையாட்டுக் கூடத்தில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ.; அது கின்னஸில் ஏறியிருக்கிறது. அந்த வேகத்தில் 1/1000 நொடிக்குள் ஷட்டில் பதினைந்து சென்டிமீட்டர் நகரும். ஆனால் இறகு காற்றைப் பிடித்துச் சட்டென்று வேகம் இழக்கும் என்பதால் எதிர்ப்பக்கம் வந்து சேரும்போது 1/1000-க்கே அடங்கிவிடும். ஆக, அடிப்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைக் குறி வையுங்கள். விழுந்து புரண்டு எடுக்கிற டிஃபென்ஸ் படத்தில் ஷட்டிலும் தெரியும், முகமும் தெரியும்.

வலையின் உயரம் நடுவில் 1.52 மீட்டர். தரையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்க ஆட்டக்காரர் வலைக்குப் பின்னால்தான் மாட்டுவார். கேலரியின் இரண்டாம் மூன்றாம் வரிசைக்கு ஏறுங்கள். வலைக்கு மேலாகப் பார்வை போகும். தரையோடு உட்காரச் சொல்லும் நான் மேலே ஏறச் சொல்வது இந்த ஒரு ஆட்டத்துக்குத்தான். இல்லாவிட்டால் ஒரே பக்கத்து ஆட்டக்காரரை மட்டும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், வலை குறுக்கே வராது.

கே: உலகத்திலேயே சிறந்த விளையாட்டுப் படம் என்று எதைச் சொல்வீர்கள்? – வாசகர், சேலம்

ப: சிறந்தது எது என்று தெரியாது. அடிக்கடி எடுத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. 1965 மே 25, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊரில் குத்துச்சண்டை. முதல் சுற்றிலேயே சோனி லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். முகமது அலி கையை மடக்கி மேலே நின்று எழுந்திரு என்று கத்துகிறார். எடுத்தவர் நீல் லீஃபர், அப்போது வயது 22. எல்லோரும் அலியின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அலியின் கால்களுக்கு நடுவே பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை, கையில் கேமரா. அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன். லீஃபரைப் போலவே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காக எடுத்தவர், லீஃபரைவிட மூத்தவர், அனுபவஸ்தர். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

இதில் ஷார்ஃப்மனின் குற்றம் எதுவும் இல்லை. ரிங்கில் எந்தப் பக்கம் ஆள் விழுவான் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் லீஃபர் அதிர்ஷ்டக்காரர் என்பதோடு விட்டுவிடவும் எனக்கு மனசில்லை. ரிங்குக்கு மேலே கட்டியிருந்த ஃப்ளாஷ் விளக்குகள் ஒரு முறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஏற நேரம் எடுக்கும். அடுத்தடுத்துச் சுட முடியாது. அலி அந்த நிலையில் நின்றது ஒரு நொடிகூட இருக்காது. அதற்கு முன்னால் அவசரப்பட்டு ஒன்றை அழுத்தியிருந்தால் இந்தப் படம் கிடையாது.

கே: இந்தப் பொங்கலுக்கு அலங்காநல்லூர் வந்து ஜல்லிக்கட்டு எடுக்க ஆசை. எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்? – மென்பொருள் ஊழியர், பெங்களூரு

ப: தடுப்புக் கட்டைக்கு வெளியே. அதற்கு உள்ளே கால் வைப்பது மாடுபிடி வீரர்களின் வேலை. நல்ல படத்துக்காகக் கட்டைமேல் ஏறி ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். காளைக்கு அந்தக் காலும் ஒன்றுதான், வீரனின் காலும் ஒன்றுதான். கேலரி அனுமதியோ பத்திரிகை அனுமதியோ முறையாக வாங்கிக்கொண்டு, வாடிவாசல் பக்கவாட்டில் தெரிகிற இடமாகப் பார்த்து விடியுமுன் போய் உட்காருங்கள்.

அங்கே படத்தைக் கெடுப்பது வாடிவாசலின் இருட்டு. வாசலுக்குள் கும்மிருட்டு, வெளியே பளீர் வெயில். ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டைப் பார்த்து அளந்து வைத்திருக்கும். காளை வெயிலுக்கு வந்ததும் மண்ணும் திமிலும் வெளுத்துப்போகும். மேனுவலில் போடுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/1600-ல் ஆரம்பித்து, வெளியே வெயில் விழும் மண்ணை அளந்து திருத்திக்கொள்ளுங்கள். வாசல் கறுப்பாகவே இருக்கட்டும், காளை அதிலிருந்து பாய்ந்து வருவதுதான் படம். இடையில் லென்ஸை மாற்றாதீர்கள். அந்தப் புழுதி சென்சாரில் ஏறினால் இறங்காது.

கே: நான் மாவட்ட அணியில் வாலிபால் ஆடுகிறேன். மேட்சுக்கு வருகிற ஒருவர் எங்களை அசிங்கமான கோணத்தில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். கேட்டால் ஆக்‌ஷன் ஷாட் என்கிறார். – பெயர், ஊர் வேண்டாம்

ப: அது ஆக்‌ஷன் ஷாட் இல்லை என்று அவருக்கும் தெரியும், தங்கச்சி. வாலிபாலில் ஆக்‌ஷன் வலைக்கு மேலே நடக்கிறது. கை, பந்து, முகம். கேமரா வேறு எங்கே போனாலும் அது ஆளின் புத்தி. டோக்கியோ ஒலிம்பிக்ஸிலேயே வீராங்கனைகளின் உடம்பை நெருங்கிக் காட்டும் காட்சிகள் வேண்டாம் என்று ஒளிபரப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். மாவட்ட மைதானத்தில் மட்டும் என்ன சலுகை? பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரும் அமைப்பாளரும் சேர்ந்து அவரை மைதானத்துக்குள் விடாமல் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். கணக்கைப் புகார் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அணியில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் 1098-க்கும் சொல்லலாம். இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கே: மாட்டுவண்டிப் பந்தயத்தில் பின்னணி கோடு கோடாக ஓட, மாடு மட்டும் கூர்மையாக நிற்கிற படம் எப்படி எடுப்பது? – வாசகர், காரைக்குடி

ப: 1/60. இடுப்பிலிருந்து மேல் உடம்பு மட்டும் வண்டியோடு திரும்ப வேண்டும், பாதம் அசையக் கூடாது. வண்டி உங்களுக்கு நேரே வரும் முன்பே கேமரா அதோடு சேர்ந்து நகர ஆரம்பித்திருக்க வேண்டும். அழுத்தின பிறகும் நகர்த்துவதை நிறுத்தாதீர்கள், பெரும்பாலோர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பக்கவாட்டில் ஓடும் சாலை, பின்னால் பனையோ வேலிக்கருவையோ இருக்கிற இடம் பாருங்கள். வெறும் வானம் பின்னணியானால் கோடு விழாது. மாட்டின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கால்கள் நாலும் கரைந்து ஓடும், அதுதான் வேண்டும். ஏகப்பட்டது வீணாகும், கவலைப்படாதீர்கள். வளைவின் வெளிப்பக்கம் மட்டும் நிற்காதீர்கள். வண்டியிலிருந்து தப்பினாலும் பின்னால் விரட்டி வரும் பைக்குகள் இருக்கின்றன.

கே: பழைய டிஎஸ்எல்ஆரைத் தள்ளிவிட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா? – வாசகர், ஈரோடு

ப: பணம் இருந்தால் மாறுங்கள், தப்பில்லை. ஓடுகிறவரின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் நிஜமாகவே பெரிய உதவி. ஒரே ஒரு எச்சரிக்கை: சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில், சாதாரண மாடல்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வீசுகிற மட்டை வளைந்து தெரியும். சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9-3 மாதிரிக் கேமரா 2023-ல் அறிவிக்கப்பட்டுவிட்டது. விலையைக் கேட்டால் நாம் வளைந்துவிடுவோம். பணம் இல்லையென்றால், மிரர்லெஸ் வாங்க எல்லோரும் விற்றுத் தள்ளுகிற பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கே: ஒரு டோர்னமென்ட்டுக்குப் போனால் 3000 படம் சேர்ந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்க் நிறைந்து, எதையும் திரும்பப் பார்ப்பதே இல்லை. என்ன செய்வது? – வாசகர், கும்பகோணம்

ப: வீட்டுக்குக் கொண்டுவந்து கழிக்கலாம் என்று நினைப்பதால்தான் சேர்கிறது. இடைவேளையில் டீ குடிக்கும்போதே கேமராவின் ரேட்டிங் பொத்தானால் பிடித்தவற்றுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிடுங்கள். ஆட்டம் சூடாக இருக்கும்போது எது நல்ல கணம் என்று மனசுக்குத் தெரியும், மறுநாள் மறந்துபோகும். ராத்திரி நட்சத்திரம் போட்டதை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஒரே மாதிரி ஒன்பது இருந்தால் பந்தும் முகமும் சேர்ந்து தெரிகிற ஒன்று போதும். முகம் இல்லாதது, பந்து இல்லாதது எல்லாம் வெளியே. எனக்கு ஒரு மேட்சுக்கு இருபது படம் மிஞ்சினால் அதுவே அதிகம்.

மிஞ்சியவற்றுக்குப் பெயரும் ஸ்கோரும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் ஸ்கோரர் மேஜைக்குப் போய் இரண்டு அணிகளின் பட்டியலையும், சட்டை எண்ணோடு, முதல் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சட்டை 7 யார் என்று ராத்திரி பதினோரு மணிக்கு நடுவருக்குப் போன் போட வேண்டியிருக்காது.